ஜெர்மனியா பிரான்ஸா என்பதல்ல கேள்வி

எங்கள் சங்கரன்கோவில் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள் வருவார்கள். சிவன்தான் பெரியவர் என்பான் ஒருத்தன், விஷ்ணுதான் பெரியவர் என்பான் இன்னொருத்தன். சண்டை தீராமல் அம்பாளிடம் போக, கோமதி அம்மன் தவமிருக்க, பாதி சிவனும் பாதி விஷ்ணுவுமாக ஒரே உடம்பில் சங்கரநாராயணர் வந்து நின்றார். ஆடித்தபசு அதற்குத்தான்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது சங்கனையும் பதுமனையும் நேரிலேயே பார்த்தேன். ஒருத்தன் என் சித்தி மகன். இன்னொருத்தன் அவன் கூட்டாளி. இரண்டு பேரும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கொரு யூடியூப் சேனலை ஆதாரமாக வைத்துக்கொண்டு சண்டை.

“ஜெர்மன்காரன்ட்ட வாங்குறதுதான்ணே சரி. அவன் சப்மரைன் ரெண்டு வாரம் மேல வராமலே கெடக்கும்.”

“ஏலே, பிரெஞ்சுக்காரன் ஏற்கெனவே ஆறு குடுத்திருக்காம்லா. தெரிஞ்சவன விட்டுட்டு எதுக்குல புது ஆளு?”

பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். “நீங்க இன்ஜினியர்தானேண்ணே. நீங்க சொல்லுங்க, எவன் பெஸ்ட்டு?”

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்கூடவே பஸ் ஏறி வந்துவிட்டது. உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. ஜெர்மனி மேலும் இல்லை, பிரான்ஸ் மேலும் இல்லை. அந்தக் கேள்வி மேல்தான். ‘எவன் பெஸ்ட்டு’ என்றுதான் நம் பாதுகாப்பு அமைச்சகமும் கால் நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: சரியான கூட்டாளியை நாம் 1981-இலேயே தேர்ந்தெடுத்துவிட்டோம். தேர்வில் நாம் தோற்கவில்லை. தேர்ந்தெடுத்த பிறகு வேலையைத் தொடராமல் விட்டதில்தான் தோற்றோம். இன்றைக்கும் அதே தப்பைத்தான் செய்யப் போகிறோம்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. அணுசக்தி இல்லாத சாதாரண நீர்மூழ்கி, பேட்டரியில் ஓடுகிறது. சில நாளுக்கொரு முறை மேலே வந்து, மூச்சுக்குழாயை வெளியே நீட்டி, டீசல் இன்ஜினை ஓட்டி பேட்டரியை சார்ஜ் செய்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் எதிரியிடம் மாட்டும். இதைத் தள்ளிப்போட வந்த ஏற்பாட்டுக்கு ஏ.ஐ.பி. என்று பெயர். வெளிக்காற்று இல்லாமல் நீருக்கடியிலேயே மின்சாரம் எடுக்கும் கருவி. ஜெர்மன்காரர்கள் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இது இருந்தால் இரண்டு வாரம்கூட மேலே வராமல் இருக்கலாம். சித்தி மகன் சொன்னது சரிதான்.

இப்படி ஏ.ஐ.பி. பொருத்திய ஆறு நீர்மூழ்கிகளை, வெளிநாட்டு நிறுவனத்தின் வடிவமைப்பை வைத்து இந்தியக் கப்பல் தளத்தில் கட்டுவதுதான் ‘திட்டம் 75-இந்தியா’. 2021 ஜூலையில் டெண்டர் விட்டார்கள். இந்தியத் தரப்பில் மும்பை மசகான் டாக், எல் அண்ட் டி என இரண்டு. வெளிநாட்டுத் தரப்பில் ஜெர்மனி, பிரான்ஸ், ரஷ்யா, ஸ்பெயின், தென்கொரியா என ஐந்து நாட்டு நிறுவனங்கள். இவற்றில் இரண்டு மட்டும்தான் கடைசிவரை நின்றன. மசகானோடு ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ்.; எல் அண்ட் டியோடு ஸ்பெயினின் நவாந்தியா. ஸ்பெயின்காரர்களின் ஏ.ஐ.பி. கரையில் ஓடியது, கடலில் ஓடிக் காட்டவில்லை. கடலில் நிரூபித்திருக்க வேண்டும் என்பது டெண்டர் நிபந்தனை. 2025 ஜனவரியில் அவர்கள் விலக்கப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மிச்சமிருந்த ஒரே ஆளிடம் விலைப்பேச்சு தொடங்கியது. நாற்பதாயிரம் கோடி சொச்சம் என்று ஆரம்பித்த திட்டத்துக்கு இப்போது செய்திகள் சொல்லும் மதிப்பு சுமார் 70,000 கோடி ரூபாய்.

ஒரே ஆள் மட்டும் மிஞ்சுகிற மாதிரி டெண்டர் எழுதினால் விலை என்னாகும் என்று சந்தையில் பூ வாங்குகிறவர்களுக்குக்கூடத் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் அந்த ஆள் யார் என்பது.

டி.கே.எம்.எஸ். என்ற பெயர் புதிதாக இருக்கலாம். ஆள் பழைய ஆள்தான். ஜெர்மனியின் கீல் நகரத்துக் கப்பல் தளம். முன்பு அதன் பெயர் ஹெச்.டி.டபிள்யூ. 2005-இல் தைசன்குரூப் அதை வாங்கிச் சேர்த்துக்கொண்டதால் பெயர் மாறியது. அந்த ஹெச்.டி.டபிள்யூவோடு இந்தியா 1981 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. நான்கு நீர்மூழ்கிகள். இரண்டை அவர்கள் கீலில் கட்டித் தர வேண்டும். மீதி இரண்டை நாம் மும்பையில் கட்ட வேண்டும். விருப்பப்பட்டால் மேலும் இரண்டு. நம் வடிவமைப்பாளர்களும் தொழிலாளிகளும் ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். 1986-இல் ஷிஷுமார், ஷங்குஷ் இரண்டும் கீலில் இருந்து வந்தன. மும்பையில் கட்டிய ஷால்கி 1992-இலும் ஷங்குல் 1994-இலும் கடற்படையில் சேர்ந்தன.

இதற்கு நடுவில் 1987. பான் நகரில் இருந்த நம் தூதரிடமிருந்து ஒரு தந்தி. இந்திய ஒப்பந்தத்தில் 7 சதவீதம் கமிஷன் கொடுக்க வேண்டியிருப்பதால் ஹெச்.டி.டபிள்யூவால் விலையைக் குறைக்க முடியவில்லை என்பது சாரம். பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி.பி.சிங் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஏப்ரலில் அவரே பதவி விலகினார். அதே மாதம் போஃபர்ஸ் வெடித்தது. பிறகு நடந்த அரசியல் எல்லோருக்கும் தெரியும். நீர்மூழ்கிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் யாருக்கும் ஞாபகம் இல்லை. ‘மேலும் இரண்டு’ என்ற பேச்சு நின்றது. ஷங்குல் வெளியே போனதும் மசகான் டாக்கின் நீர்மூழ்கிப் பட்டறையில் வேலை இல்லை. ஜெர்மனியில் பயிற்சி எடுத்து வந்த வெல்டர்களும் ஃபிட்டர்களும் வேறு வேலைக்குப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள், மறந்தார்கள். லஞ்ச வழக்கு? சிபிஐ பல ஆண்டு விசாரித்து, ஆதாரம் போதவில்லை என்று முடித்துக்கொண்டது. தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை, அந்த வெல்டர்களைத் தவிர.

இப்போது கதையின் மறுபாதி. நம் ஊரில் அந்தத் தந்தி வந்த அதே 1987-இல், அதே ஹெச்.டி.டபிள்யூவோடு தென்கொரியா ஒரு ஒப்பந்தம் போட்டது. நமக்குக் கொடுத்த வடிவமைப்பின் உறவுக்கார வடிவமைப்புதான். முதல் நீர்மூழ்கி கீலில் கட்டி 1993-இல் கொரியக் கடற்படையில் சேர்ந்தது. மீதி எட்டையும் கொரியாவின் தேவூ கட்டியது. அது முடிகிற நேரத்தில், 2000-இல், அதே ஜெர்மன்காரர்களின் அடுத்த மாடலுக்கு ஆர்டர். இந்த முறை ஏ.ஐ.பி.யோடு ஒன்பது. 2011-இல் இந்தோனேசியாவுக்கு மூன்று நீர்மூழ்கி விற்க கொரியாவே ஒப்பந்தம் போட்டது. 2021 ஆகஸ்டில் தங்கள் சொந்த வடிவமைப்பில் 3,000 டன் நீர்மூழ்கியைக் கடற்படையில் சேர்த்தார்கள். அதிலிருந்து ஏவுகணையும் ஏவினார்கள்.

மேலே நம் டெண்டரில் ஐந்து நாடுகளை எழுதினேனே, அதில் தென்கொரியாவும் இருந்ததைக் கவனித்தீர்களா? நமக்கு ஆறு வருடம் கழித்து அதே வாத்தியாரிடம் பள்ளிக்கூடம் சேர்ந்த பையன், நமக்கே வாத்தியாராக வருகிறேன் என்று விண்ணப்பம் போட்டிருந்தான். கடைசியில் அவன் விலகிக்கொண்டது வேறு கதை. நாமோ 44 வருடம் ஊரைச் சுற்றிவிட்டு அதே கீல் நகரத்து வாசலில் போய், ‘சார், ஒண்ணாம் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுங்க’ என்று நிற்கிறோம்.

கூட்டாளி ஒருவரேதான். வடிவமைப்பும் ஒரே குடும்பம்தான். கொரியாக்காரன் நம்மைவிட அறிவாளி என்றும் நான் நம்பவில்லை. அவன் ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் செய்தான். முந்தைய ஆர்டர் முடிவதற்குள் அடுத்த ஆர்டரைக் கொடுத்தான். பட்டறை ஒருநாளும் காலியாக இல்லை. நம் பட்டறையில் 1994 ஷங்குலுக்கும் அடுத்து வந்த 2017 கல்வரிக்கும் நடுவில் 23 வருடம்.

இது எப்படி ஒரு திறமையைக் கொல்லும் என்று எனக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு ‘கேடி’ என்றால் தெரியும். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். வெளிநாட்டு கிளையண்ட் தன் மென்பொருளை நம் கையில் ஒப்படைக்கும்போது, அது எப்படி ஓடுகிறது என்று மாதக்கணக்கில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுப்பது. என் முதல் வேலையில் அப்படி ஒரு பெரிய கேடி நடந்தது. பணப் பரிமாற்ற மென்பொருள். பத்து மாதம் இரவு இரவாக உட்கார்ந்து படித்தோம். கோடு முழுக்க எங்கள் கையில். ஆவணங்கள் ஆயிரக்கணக்கான பக்கம். பிறகு மேலிடத்தில் ஏதோ தகராறு, ஏதோ தணிக்கை, திட்டம் நிறுத்தப்பட்டது. எங்களைப் பிரித்து வேறு வேறு டீமுக்கு அனுப்பினார்கள். பாதிப் பேர் கம்பெனியை விட்டே போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து அதே திட்டம் மறுபடி உயிர் பெற்றது. பழைய ஆட்களில் நான் உட்பட மூன்று பேர்தான் மிச்சம். கோடு அப்படியே இருந்தது. ஆவணங்கள் இருந்தன. ஓரிடத்தில், ஒரு கணக்கை முடிப்பதற்கு முன்னால் நாற்பது விநாடி காத்திருக்கச் சொல்லி ஒரு வரி. ஏன் நாற்பது? யாருக்கும் தெரியவில்லை. ஆவணத்தில் ‘நாற்பது விநாடி காத்திருக்கவும்’ என்றுதான் இருந்தது. தேவையில்லை என்று நினைத்து நான்தான் அதைக் குறைத்தேன். அன்றிரவு ஒரே தொகை இரண்டு முறை கணக்கில் ஏறியது. காரணம் தெரிந்த மனிதர் அப்போது வேறு நகரத்தில் வேறு வேலையில் இருந்தார். அவரை போனில் பிடித்துக் கேட்டபோது அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

எப்படிச் செய்வது என்பதைக் காகிதத்தில் வாங்கலாம். ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது ஆட்களிடம்தான் இருக்கிறது. ஆட்கள் கலைந்தால் அதுவும் கலைந்துவிடும். எங்கள் ஊர் விசைத்தறி மெக்கானிக் ஒருவர் தறி ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்லுவார். அவரைப் பத்து வருடம் வேறு தொழிலுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டால் என்ன கேட்கும் அவருக்கு? நீர்மூழ்கியின் உடற்கூட்டை வெல்டிங் செய்வது அதைவிட எவ்வளவோ நுணுக்கமான வேலை. அழுத்தம் சமமாகப் பரவ வேண்டும் என்பதற்காக அந்த வட்டம் மில்லிமீட்டர் கணக்கில் வட்டமாக இருக்க வேண்டும்.

1999-இல் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். 30 ஆண்டுகளில் 24 நீர்மூழ்கிகள். இரண்டு பட்டறைகளில் ஆறு ஆறாக வெளிநாட்டு உதவியோடு கட்டுவது, பிறகு 12-ஐ நம் சொந்த வடிவமைப்பில் கட்டுவது. காகிதத்தில் கொரிய வழியேதான். நடந்தது என்ன? முதல் ஆறுக்கு 2005 அக்டோபரில் பிரான்ஸோடு ஒப்பந்தம். முதல் நீர்மூழ்கி 2012-இல் வர வேண்டும். கல்வரி வந்தது 2017 டிசம்பரில். ஆறாவதான வாக்ஷீர் 2025 ஜனவரி 15 அன்று. 18,798 கோடி என்று தொடங்கிய செலவு வழியிலேயே 23,562 கோடி ஆனது. அடுத்த ஆறுதான் நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் 75-இந்தியா. கடைசி 12 பற்றிப் பேசவே வேண்டாம்.

தாமதமானாலும் ஆறு வந்தது. மசகானில் மறுபடி வெல்டர்கள் உருவானார்கள். கடைசி நீர்மூழ்கிகள் முதலாவதைவிட வேகமாக முடிந்தன. கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அந்த நேரத்தில் நாம் என்ன செய்திருக்க வேண்டும்? வாக்ஷீர் தண்ணீரில் இறங்கும் முன் அடுத்த உடற்கூட்டுக்கு இரும்பு வெட்டத் தொடங்கியிருக்க வேண்டும். அதே ஸ்கார்பீன் வகையில் மேலும் மூன்று வாங்க 2023 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தார்கள். வாக்ஷீர் கடற்படையில் சேர்ந்த நாளில் அதற்கும் ஒப்பந்தம் இல்லை, ஜெர்மன் திட்டத்துக்கும் ஒப்பந்தம் இல்லை. 1994 மறுபடி வந்துவிட்டது. இந்த முறை லஞ்சப் புகார்கூடத் தேவைப்படவில்லை. ஃபைல் நகராததே போதுமானதாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். லஞ்சம் வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தை நிறுத்தாமல் வேறென்ன செய்வது? கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறாயா?

இல்லை. கிரீஸைப் பாருங்கள். அவர்களும் இதே கீல் தளத்திடம் நீர்மூழ்கி வாங்கினார்கள். அதில் லஞ்சம் புகுந்தது. முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் அகிஸ் சோகட்சோபூலோஸுக்கு 2013-இல் 20 ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தது ஏதென்ஸ் நீதிமன்றம். இடைத்தரகாக நின்ற ஜெர்மன் நிறுவனம் ஃபெரோஸ்டால், கிரீஸுக்கும் போர்ச்சுகலுக்கும் நீர்மூழ்கி விற்கக் கொடுத்த லஞ்சத்துக்காக மியூனிக்கில் சுமார் 14 கோடி யூரோ அபராதம் கட்டியது. நீர்மூழ்கிகள் கிரேக்கக் கடற்படையில்தான் இருக்கின்றன. அவர்கள் அமைச்சரை உள்ளே போட்டார்கள், கப்பலை ஓட்டினார்கள். நாம் அமைச்சரையும் அதிகாரியையும் தரகரையும் விட்டுவிட்டு கப்பலைத் தண்டித்தோம்.

இதை ஒருமுறை செய்தால் பிழை. நாம் பழக்கமாக்கிக்கொண்டோம். கல்வரிக்காக இத்தாலியிலிருந்து 98 ‘பிளாக் ஷார்க்’ டார்பிடோக்கள் வாங்குவதாக இருந்தது. அதைச் செய்யும் நிறுவனமும், ஹெலிகாப்டர் ஊழலில் சிக்கிய அகஸ்டா வெஸ்ட்லேண்டும் ஒரே குழுமம். ஹெலிகாப்டருக்காக டார்பிடோவை 2016-இல் ரத்து செய்தார்கள். மறு ஆண்டு கல்வரி தனக்கென்று வடிவமைக்கப்பட்ட புது டார்பிடோ இல்லாமலே கடற்படையில் சேர்ந்தது. பழைய ஜெர்மன் டார்பிடோக்களை வைத்துச் சமாளித்தார்கள். பிரான்ஸோடு புது டார்பிடோவைப் பொருத்த 877 கோடிக்கு ஒப்பந்தம் போட்டது 2024 டிசம்பரில். ஆறாவது நீர்மூழ்கி சேர இரண்டு வாரம் இருக்கும்போது. ஊழல் ஒழிப்பு என்று நாம் கைதட்டும் பல விஷயங்கள் இந்த லட்சணத்தில்தான் இருக்கின்றன. தடைப் பட்டியல் போடுவது சுலபம். வழக்கை நடத்தி நிரூபிப்பதுதான் கஷ்டம். நாம் சுலபமானதைச் செய்துவிட்டு நேர்மையாளர்கள் என்று பெயர் வாங்கிக்கொள்கிறோம்.

இன்னொரு கூட்டம் உண்டு. ‘எதுக்கு வெளிநாட்டுக்காரன்? அரிஹந்த் கட்டினவங்கதானே நாம? அணுசக்தி நீர்மூழ்கியே கட்டத் தெரிஞ்சவனுக்கு டீசல் நீர்மூழ்கி ஜுஜுபி.’ வாட்ஸ்அப்பில் இந்த வகை தேசபக்தி அதிகம். அரிஹந்த் பெரிய சாதனைதான். அதன் மாதிரி அணுஉலை நம் கல்பாக்கத்தில்தான் ஓடியது. ஆனால் அதிலும் ரஷ்ய உதவி இருந்தது. சாதாரண நீர்மூழ்கி அளவில் சிறியது. எல்லாவற்றையும் நெருக்கி அடைக்க வேண்டும், ஒவ்வொரு டன்னும் கணக்கு. இதில் தப்பு நடந்தால் என்னாகும் என்பதற்கு ஸ்பெயின் உதாரணம். பிரான்ஸோடு சேர்ந்து ஸ்கார்பீன் கட்டிப் பழகிய பிறகு தனியாக எஸ்-80 என்ற வகையை வடிவமைத்தார்கள். 2013-இல் எடை கூடிவிட்டது தெரிந்தது. தசமப்புள்ளியைத் தப்பாக வைத்ததால் வந்தது என்று அப்போது செய்திகள் எழுதின. அமெரிக்க நிறுவனத்தின் உதவியைக் கேட்டு, உடலை நீளமாக்கி, முதல் நீர்மூழ்கியைக் கொடுத்தது 2023 நவம்பரில்.

ஸ்பெயினைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அவர்கள் கட்டியது படிப்புக் கட்டணம். நாமும் ஒருநாள் கட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டணம் கட்டிவிட்டுப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடக்கூடாது.

சுதேசி என்று முழங்குகிறவர்கள் எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் ‘காலியா’ கப்பல் பிரான்ஸிலிருந்து வாங்கி வந்தது. வெளிநாட்டுக் கப்பல் என்று அவர் கூச்சப்படவில்லை. கப்பல் செலுத்தவும் கட்டவும் நம்மவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என்பதைச் சங்கத்தின் நோக்கங்களிலேயே எழுதிவைத்தார். சுதேசி என்று அவர் சொன்னது அதைத்தான். ஆங்கிலேயர்களுக்கும் அது புரிந்திருந்தது. 1908-இல் அவர்கள் பிடித்து உள்ளே போட்டது கப்பலை அல்ல, அவரை. மூன்றே வருடத்தில் சங்கம் கலைந்தது. ஆட்களைக் கலைத்தால் போதும் என்பதை அந்நியன் தெரிந்துவைத்திருந்தான். நாமோ அதை நமக்கு நாமே செய்துகொள்கிறோம்.

இலக்கியப் பத்திரிகையில் ஆயுதத்துக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று சிலர் கேட்பீர்கள். எழுபதாயிரம் கோடியில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை ஆஸ்பத்திரி? எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. நீர்மூழ்கியே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை மதிப்பேன்; அது ஒரு நிலைப்பாடு. ஆனால் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு, பதினைந்து வருடம் தாமதித்து, ஒரே வித்தையை இரண்டு முறை காசு கொடுத்துப் படிப்பது எந்த நிலைப்பாடும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டிய காசுதான் அதுவும்.

அதோடு, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். திருநெல்வேலியைத் தாண்டி நாங்குநேரிப் பக்கம் போனால் விஜயநாராயணத்தில் வானுயரக் கம்பங்கள் தெரியும். ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-இலிருந்து, கடலுக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்தி அனுப்பும் நிலையம். அந்தச் செய்தியைக் கீழே இருப்பவர்கள் கேட்கத்தான் முடியும், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. அவர்களில் பலர் இன்னும் 1980-களில் வந்த நீர்மூழ்கிகளில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2001-க்குப் பிறகு நம் கடற்படையில் சேர்ந்த சாதாரண நீர்மூழ்கிகள் அந்த ஆறு மட்டும்தான். 1986-இல் கீலிலிருந்து வந்த ஷங்குஷை இன்னும் சில வருடம் ஓட்டுவதற்காக 2023-இல் 2,725 கோடிக்குப் பழுதுபார்ப்பு ஒப்பந்தம் போட்டார்கள். 2014 பிப்ரவரியில், 1988-இல் சேர்ந்த சிந்துரத்னாவில் தீப்பிடித்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். கடற்படைத் தளபதி டி.கே.ஜோஷி அன்றைக்கே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். புது நீர்மூழ்கிகளின் ஃபைலைக் கையில் வைத்திருந்தவர்கள் யாரும் விலகியதாகத் தெரியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? நான்கு விஷயம்.

ஒன்று, ஜெர்மனியோடு கையெழுத்துப் போடுங்கள். இன்னொரு சுற்று டெண்டர் வேண்டாம். ஆனால் ஆறாவது நீர்மூழ்கிக்குப் பிறகு பட்டறைக்கு என்ன வேலை என்பதையும் அதே நாளில் முடிவு செய்யுங்கள். கையெழுத்துக்கும் இரும்பு வெட்டுவதற்கும் நடுவில் ஓடும் காலத்தில் மசகான் வெல்டர்களின் கைக்கு வேலை வேண்டும். அந்த மூன்று ஸ்கார்பீன்களுக்கு இருக்கும் மிகப் பெரிய நியாயம் அதுதான்.

இரண்டு, சதவீதக் கணக்கை நம்பாதீர்கள். முதல் நீர்மூழ்கியில் 45 சதவீதம், ஆறாவதில் 60 சதவீதம் உள்நாட்டுப் பொருள் என்பது டெண்டரின் நிபந்தனை. ரூபாய்க் கணக்கு அது. நாற்காலியும் கேபிளும் நம்முடையதாக இருந்தாலும் சதவீதம் ஏறும். நாற்பது விநாடி ஏன் என்று தெரிந்த ஆட்கள் எத்தனை பேர் என்பது அதில் வராது. நம் கடற்படையின் வடிவமைப்பாளர்கள் முதல் நாளிலிருந்து கீலில் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்கள் எந்தெந்த முடிவுகளைத் தாங்களே எடுத்தார்கள் என்பதே கணக்காக வேண்டும்.

மூன்று, நம் வீட்டுப் பிள்ளைக்கு இடம் கொடுங்கள். அம்பர்நாத்தில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் செய்த ஏ.ஐ.பி. 2021 மார்ச்சில் கரையில் வெற்றிகரமாக ஓடியது. அதை நீர்மூழ்கியில் பொருத்தும் பகுதியைக் கட்ட 2024 டிசம்பரில் 1,990 கோடிக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. முதல் தடவை அது தடுமாறலாம். தடுமாறினால் உடனே மூடிவிடக்கூடாது.

நான்கு, பொறுப்பையும் அதிகாரத்தையும் ஒரே இடத்தில் வையுங்கள். கப்பல் தளத்தின் மேல் கட்டுப்பாடு இல்லாமல் தாமதத்துக்குப் பொறுப்பு மட்டும் ஏற்கச் சொல்கிறீர்கள் என்று சொல்லித்தான் ஸ்வீடனின் சாப் நிறுவனம் 2019-இலேயே ஒதுங்கியது. ஐடியில் இதை நாங்கள் தினமும் அனுபவிக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், திட்டு வாங்குகிறவர் இன்னொருவர் என்றால் அந்தத் திட்டம் விளங்காது. லஞ்சம் நடந்தால் வாங்கியவரை உள்ளே போடுங்கள், கொடுத்த நிறுவனத்திடம் அபராதம் கறந்துவிடுங்கள். பட்டறையை மூடாதீர்கள்.

சித்தி மகனுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“அப்ப ஜெர்மன்காரன்தான் பெஸ்ட்டுன்னு சொல்லுதீங்க?”

“எவனா இருந்தாலும் சரிடா. ஏழாவது எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேளு. அதுக்குப் பதில் இருந்தா எவன்ட்ட வேணாலும் வாங்கலாம்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அத எந்தச் சேனல்லயும் சொல்லலியேண்ணே” என்றான்.